உள்ளே போக டிக்கெட் இல்லை. வெளியே வர மட்டும் டிக்கெட்டா?

(சின்னக்கானலில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கொழுந்துக் காட்டிலிருந்தும் ஏலக் காட்டிலிருந்தும் இறங்கி, கை கால் கழுவிய கையோடு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். வீட்டில் உலை வைக்க வேண்டிய நேரம் இது. ஆகவே நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இன்றைக்கு நாம் பேசப்போவது கூலியைப் பற்றியோ போனஸைப் பற்றியோ இல்லை. அப்பீலைப் பற்றி. கிரிமினல் கேசில் கீழ்க்கோர்ட்டு தண்டனை கொடுத்த பிறகு, "இது சரியில்லை, மறுபடி பாருங்கள்" என்று மேல்கோர்ட்டில் போய்ச் சொல்கிறோமே, அந்த அப்பீல். அதற்குப் பணம் கேட்பது நியாயமா? நம் அரசியல் சட்டம் என்ன சொல்கிறது? கையில் காசில்லாதவர் என்ன செய்வது? இந்த மூன்று கேள்விகளுக்குத்தான் பதில் தேடப் போகிறோம்.

"நாம் என்ன திருடர்களா, நமக்கு எதற்குக் கிரிமினல் கேஸ் விவகாரம்?" என்று சிலர் நினைக்கலாம். கிரிமினல் கேஸ் திருடனைத் தேடி மட்டும் வருவதில்லை. அடுப்புக்கு விறகு பொறுக்கப் போனால் வனச் சட்டத்தில் கேஸ் வரும். கூலி கேட்டு ரோட்டில் உட்கார்ந்தால் மறியல் கேஸ் வரும். 2015 செப்டம்பரில் மூணாறில் நம் பெண்கள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ரோட்டுக்கு வந்தார்களே, அதன் பிறகுதான் 232 ரூபாயாக இருந்த தினக்கூலி 301 ஆயிற்று. ரோட்டுக்கு வராமல் எதுவும் கிடைப்பதில்லை. ரோட்டுக்கு வந்தால் கேஸ் வராமலும் இருப்பதில்லை. இவை எல்லாவற்றையும்விட இப்போது நம் லயங்களுக்குள் அதிகம் நுழைவது செக் கேஸ். மகள் கல்யாணத்துக்கும் மகன் காலேஜ் பீசுக்கும் பிளேடுக்காரரிடம் கடன் வாங்கும்போது, ஒன்றும் எழுதாத செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். அதில் பிறகு என்ன தொகை ஏறுகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஆகவே இது நம் விஷயம்தான்.

முதலில் ஒரு வித்தியாசத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். சிவில் கேஸ் என்பது, நமக்கு நிலம் வேண்டும், பாக்கி வர வேண்டும் என்று நாமாகக் கோர்ட்டுக்குப் போவது. கிரிமினல் கேசில் நாமாகப் போவதில்லை. சர்க்கார்தான் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. போலீஸ் சர்க்காருடையது, ஜெயில் சர்க்காருடையது, எதிரே நின்று வாதாடும் பிராசிகியூட்டருக்குச் சம்பளம் கொடுப்பதும் சர்க்கார். செக் கேசைத் தொடுப்பது தனிமனிதர் என்றாலும், அதிலும் ஜெயிலுக்கு அனுப்பும் அதிகாரம் சர்க்காரின் சட்டத்திலிருந்துதான் வருகிறது.

நாங்கள் ரயில்வேயில் வேலை பார்ப்பவர்கள். டிக்கெட் கிழித்துக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. ரயிலில் ஏற வேண்டுமானால் டிக்கெட் வாங்கத்தான் வேண்டும். அதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஏனென்றால் ஏறுவதும் ஏறாததும் பிரயாணியின் விருப்பம். ஆனால் ஒருவரைக் கையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றிவிட்டு, "இறங்க வேண்டுமானால் டிக்கெட் எடு" என்று யாராவது கேட்டால் அதை நியாயம் என்போமா? ஜெயிலுக்குள் போக டிக்கெட் கிடையாது. வெளியே வருவதற்கு மட்டும் டிக்கெட் கேட்பது எந்த ஊர் வழக்கம்?

இந்தக் கேள்வியை அமெரிக்காவில் ஒரு கைதி கேட்டார். ஒஹாயோ மாநிலத்து ஜெயிலில் இருந்தவர் அவர். திருட்டுக்காக வீடு புகுந்ததாகத் தண்டிக்கப்பட்டவர். அந்த மாநில சுப்ரீம் கோர்ட்டில் அப்பீல் மனுவை எடுக்க 20 டாலர் கட்ட வேண்டும். "என்னிடம் பணமில்லை" என்று சத்தியப் பத்திரம் எழுதி மனுவோடு அனுப்பினார். கோர்ட்டு கிளார்க், கட்டணம் இல்லாத மனுவைப் பதிவு செய்ய விதியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். நாங்களும் கிளார்க்குகள்தான். அந்த கிளார்க்கின் மேல் எங்களுக்குக் கோபமில்லை. அவர் முன்னால் இருந்த விதி அப்படி. விதியைத்தான் மாற்ற வேண்டும். கைதி நாட்டின் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். 1959-ல் தீர்ப்பு வந்தது. அப்பீல் என்ற வழியை ஒரு மாநிலம் திறந்து வைத்துவிட்டால், பணமுள்ளவனுக்குத் திறந்தும் இல்லாதவனுக்கு மூடியும் வைக்கக் கூடாது, அது சமத்துவத்துக்கு விரோதம் என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. இதற்கு மூன்று வருஷம் முன்பு, 1956-ல், அப்பீலுக்கு வேண்டிய விசாரணைப் பதிவைக் காசில்லாதவருக்கு மறுத்த இல்லினாய் மாநிலத்தின் வழக்கத்தையும் அதே கோர்ட்டு தள்ளியது. 1961-ல் அயோவா மாநிலம் கைதியின் மனுவுக்குக் கேட்ட வெறும் 4 டாலரையும் தள்ளியது. 4 டாலர் சின்னத் தொகைதானே என்று அந்த நீதிபதிகள் சொல்லவில்லை. இல்லாதவனுக்கு 4 டாலரும் மலைதான்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம்.

இங்கே கோர்ட்டுக் கட்டணம் வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போன ஏற்பாடு. 1870-ல் அவன் போட்ட கோர்ட்டுக் கட்டணச் சட்டத்தில்கூட, 19-வது பிரிவில் ஒரு விலக்கு உண்டு: கைதி கொடுக்கும் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. கொடுங்கோல் சர்க்காருக்கே அந்த அளவு கூச்சம் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு சென்னை ராஜ்யம் 1955-லும் கேரளம் 1959-லும் தங்களுக்கென்று தனிச் சட்டம் போட்டுக்கொண்டன.

இந்தக் கட்டணங்களை எதிர்த்துப் பெரிய பெரிய வழக்குகள் நடந்திருக்கின்றன. சென்னைச் சட்டத்தை எதிர்த்து ஜெனித் லாம்ப்ஸ் என்ற கம்பெனி தொடுத்த வழக்கில், 1970-களின் தொடக்கத்தில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. கோர்ட்டுக் கட்டணம் வரி அல்ல, கட்டணம். ஆகவே அதை வசூலித்து ரோடு போடவோ பள்ளிக்கூடம் கட்டவோ கூடாது. சிவில் நீதி நடத்த ஆகும் செலவுக்கும் வசூலுக்கும் ஏறக்குறைய ஒரு பொருத்தம் இருக்க வேண்டும். கவனியுங்கள், சிவில் நீதி நடத்த ஆகும் செலவு என்றுதான் கோர்ட்டு சொன்னது. எங்களுக்குத் தோன்றுவது இதுதான்: குற்றத்தை விசாரித்துத் தண்டிப்பது, ஊர்க்காவல் போல, சர்க்கார் பொதுப்பணத்தில் செய்ய வேண்டிய வேலை. அதன் செலவைக் கூண்டில் நிற்பவன் தலையில் கட்டுவது பொருந்தாது.

ஆனால் எல்லா வழக்கிலும் ஜனங்கள் ஜெயித்தார்கள் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டோம். 1988-ல் கர்நாடகம், ராஜஸ்தான் கட்டணங்களையும், 1996-ல் தமிழ்நாட்டுக் கட்டணங்களையும் எதிர்த்த வழக்குகளில் சுப்ரீம் கோர்ட்டு சர்க்கார் பக்கம்தான் தீர்ப்பளித்தது. தொகைக்கு ஏற்ப ஏறிக்கொண்டே போகும் கட்டணம் அரசியல் சட்டத்துக்கு விரோதமில்லை என்றது. கட்டணத்தை நியாயமாகச் சீரமைக்கும்படி புத்திமதி சொன்னதோடு நிறுத்திக்கொண்டது. ஆகவே கட்டணம் என்றாலே கோர்ட்டு அடித்துத் தள்ளிவிடும் என்ற நம்பிக்கை வேண்டாம். அவை சொத்துக்கும் பணத்துக்கும் நடந்த சிவில் வழக்குகள். மனிதனின் சுதந்திரமே பணயமாக இருக்கும் கிரிமினல் அப்பீலில் நம்முடைய கை பலமாக இருக்கிறது. அந்தப் பலத்தை நமக்குத் தந்தவர்களில் ஒருவர் நம் பாலக்காட்டில் பிறந்தவர்.

வி.ஆர்.கிருஷ்ணய்யரைத்தான் சொல்கிறோம். 1957-ல் கேரளத்தில் அமைந்த முதல் மந்திரி சபையில் சட்டத்துக்கும் சிறைக்கும் மந்திரியாக இருந்தவர். அதற்கு முன்பு தாமே ஜெயிலில் இருந்து பார்த்தவர். 1973 முதல் 1980 வரை சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி. 1978-ல் ஹோஸ்கோட் என்பவர் வழக்கில் அவர் எழுதிய தீர்ப்பை நம் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்த மனுதாரர் தோற்றுப்போனார். போலிப் பட்டச் சான்றிதழ் கேசில் அவருக்குக் கிடைத்த தண்டனை நின்றது. ஆனால் அவர் கேஸ் மூலமாக எல்லாக் கைதிகளுக்கும் உரிமை கிடைத்தது. தீர்ப்பு நகலைக் கைதிக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும். கொடுத்ததற்கு ஜெயில் அதிகாரி எழுத்தில் ரசீது வாங்க வேண்டும். அப்பீல் செய்ய வேண்டிய வசதி எல்லாம் செய்து தர வேண்டும். வக்கீல் வைக்க வழியில்லாதவருக்கு சர்க்கார் செலவில் வக்கீல் தர வேண்டும். இவற்றைத் தர்மமாக அவர் எழுதவில்லை. அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் உயிர், சுதந்திர உரிமையின் பங்காக எழுதினார். அடுத்த வருஷமே, அரியானாவில் சர்க்கார் பஸ் மோதி இறந்தவரின் விதவையும் மகளும் கேட்ட நஷ்டஈட்டு வழக்கில், கோர்ட்டுக் கட்டணத்தைக் காட்டி ஏழைகளை நீதிச் சந்தையிலிருந்து விரட்டாதே என்று அந்த மாநில சர்க்காரைக் கண்டித்தார்.

1976-ல் அரசியல் சட்டத்தில் 39-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. பணமில்லாத காரணத்தால் யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, சர்க்கார் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்கிறது அது. 1986-ல் அருணாசலப் பிரதேசத்து சுக்தாஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இன்னும் ஒரு படி மேலே போயிற்று. வக்கீல் இல்லாமலே அவருக்கு இரண்டு வருஷத் தண்டனை கொடுத்திருந்தார்கள். "அவர் கேட்கவில்லையே" என்றது சர்க்கார். இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாத ஜனங்கள் எப்படிக் கேட்பார்கள், தெரியப்படுத்துவது கோர்ட்டின் கடமை என்று சொல்லி, தண்டனையையே ரத்து செய்தது.

இவ்வளவும் இருக்கும்போது நம் ஆட்கள் ஏன் அப்பீல் போகாமல் நின்றுவிடுகிறார்கள்? ஏனென்றால் வாசலில் இன்னும் சில பூட்டுகள் தொங்குகின்றன.

முதல் பூட்டு, கட்டண உயர்வு. ஜெயிலுக்குள் இருந்து கொடுக்கும் மனுவுக்கு விலக்கு உண்டு. ஜாமீனில் வெளியே நின்று அப்பீல் செய்கிறவர் கட்டணம் ஒட்டத்தான் வேண்டியிருக்கிறது. கேரளத்தில் 2024 பட்ஜெட்டில் செக் வழக்குகளுக்கும் குடும்பக் கோர்ட்டு வழக்குகளுக்கும் கட்டணம் ஏற்றப்பட்டது. 2025 ஏப்ரல் 1 முதல் மற்றக் கட்டணங்களும் பல மடங்கு ஏறின. அதை எதிர்த்துக் கேரள ஹைகோர்ட்டு வக்கீல்கள் சங்கமே வழக்குத் தொடுத்தது. வக்கீல்களுக்கே பாரமாகத் தெரிந்தது நமக்கு எப்படி இருக்கும்?

இரண்டாவது பூட்டு, செக் கேஸ் அப்பீலில் கட்டச் சொல்லும் தொகை. 2018-ல் செக் சட்டத்தில் 148 என்ற பிரிவைச் சேர்த்தார்கள். தண்டனை பெற்றவர் அப்பீல் செய்தால், விதித்த அபராதத்தில் அல்லது நஷ்டஈட்டில் குறைந்தது 20 சதவீதத்தை முதலில் கட்டும்படி மேல்கோர்ட்டு உத்தரவு போடலாம். 2 லட்சம் நஷ்டஈடு என்றால் 40,000 ரூபாய். லயத்தில் இருப்பவர் 40,000-க்கு எங்கே போவார்? எந்த வட்டியில் இருந்து தப்பிக்க அப்பீல் போகிறாரோ, அந்த வட்டிக்காரர் வீட்டு வாசலுக்கே மறுபடி போக வேண்டும். கோர்ட்டுக் கட்டணம் என்று இதற்குப் பேரில்லை. பணமில்லாதவனுக்கு வேலை ஒன்றுதான். ஆனால் இதற்கும் சாவி இருக்கிறது. 2023-ல் ஜம்பூ பண்டாரி என்ற வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது: இந்த 20 சதவீதம் கண்ணை மூடிக்கொண்டு போட வேண்டிய உத்தரவு இல்லை. அப்படிப் போடுவது அநியாயமாகும், அப்பீல் உரிமையையே பறித்துவிடும் என்று தெரிந்தால், காரணத்தை எழுதி வைத்துவிட்டுக் கோர்ட்டு விலக்குக் கொடுக்கலாம். ஆகவே "என்னால் முடியாது" என்று வாயால் சொன்னால் போதாது. வருமானம் எவ்வளவு, குடும்பத்தில் எத்தனை பேர் என்று எழுதி மனுவாகக் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது பூட்டு நம் கையாலேயே மாட்டிக்கொள்வது. "குற்றத்தை ஒப்புக்கொண்டு பைனைக் கட்டிவிட்டுப் போ, ஒரே நாளில் முடிந்துவிடும்" என்று கோர்ட்டு வராந்தாவில் யாராவது சொல்வார்கள். ஒரு நாள் கூலி மிச்சம் என்று நாமும் தலையாட்டிவிடுகிறோம். செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டால், பிறகு "நான் குற்றவாளி இல்லை" என்று அப்பீல் செய்ய வழியில்லை; தண்டனையின் அளவைப் பற்றியும் அது சட்டப்படி சரியா என்பதைப் பற்றியும் மட்டும்தான் கேட்கலாம். இங்கிலாந்தில் 2015 ஏப்ரலில் ஒரு வேடிக்கை செய்தார்கள். தண்டிக்கப்பட்டவர்களிடம் கோர்ட்டுச் செலவு வசூலிப்பது என்று சட்டம் கொண்டுவந்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் 150 பவுன், பெரிய கோர்ட்டில் வழக்காடித் தோற்றால் 1,200 பவுன் வரை. ஏழைகள் செய்யாத குற்றத்தையும் ஒப்புக்கொள்ளத் தூண்டுகிறது இது என்று மாஜிஸ்திரேட்டுகளே ராஜினாமா செய்தார்கள். அதே வருஷம் டிசம்பரில் அந்தச் சட்டம் மூட்டை கட்டப்பட்டது. பணம் ஒரு மனிதனைப் பொய்யாகக் குற்றவாளி என்று சொல்ல வைக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

"கட்டணமே இல்லாவிட்டால் ஊரில் உள்ள அத்தனை பேரும் அப்பீல் போட்டுக் கோர்ட்டை நிரப்பிவிடுவார்கள்" என்று ஒரு வாதம் உண்டு. பொய் அப்பீலைத் தடுக்கப் பணம் எப்படிப் பயன்படும்? பணமுள்ளவனின் பொய் அப்பீல் கட்டணத்தைக் கட்டிவிட்டு உள்ளே போய்விடும். ஏழையின் உண்மை அப்பீல்தான் வெளியே நிற்கும். சரக்கில்லாத அப்பீலை ஆரம்பத்திலேயே தள்ளிவிடும் அதிகாரம் நீதிபதிக்குச் சட்டத்தில் இருக்கிறது. சல்லடை நீதிபதி கையில் இருக்கட்டும், கவுண்டரில் வேண்டாம்.

இனி, நாம் செய்ய வேண்டியவை. தாய்மார்கள் குறிப்பாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆண்பிள்ளை உள்ளே போய்விட்டால் ஓடி அலைவது நீங்கள்தான்.

ஒன்று: தீர்ப்புச் சொன்ன அன்றே, "அப்பீல் செய்யப் போகிறோம்" என்று கோர்ட்டில் சொல்ல வேண்டும். ஏற்கெனவே ஜாமீனில் இருந்தவருக்கு மூன்று வருஷத்துக்கு மேற்படாத தண்டனை என்றால், விசேஷக் காரணம் இல்லாதவரை, அப்பீல் போட அவகாசம் தந்து அந்தக் கோர்ட்டே ஜாமீன் தர வேண்டும்.

இரண்டு: தீர்ப்பு நகல் இலவசம். ஜெயில் தண்டனை விதித்த உடனே ஒரு நகல் கையில் தர வேண்டும். அதோடு, நமக்கு மிக முக்கியமானது இது: கேட்டால், முடிந்தவரை நம் சொந்த மொழியில் மொழிபெயர்ப்பும் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பழைய கிரிமினல் நடைமுறைச் சட்டத்தில் 363-வது பிரிவு; 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 404-வது பிரிவு. "தமிழில் வேண்டும்" என்று எழுதிக் கேளுங்கள். தன்னை எதற்காகத் தண்டித்தார்கள் என்பது புரியாமல் ஒருவன் எப்படி அப்பீல் எழுதுவான்?

மூன்று: நாளை எண்ணுங்கள். மாஜிஸ்திரேட் கொடுத்த தண்டனைக்கு எதிராக செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீல் செய்ய 30 நாள்; ஹைகோர்ட்டுக்கு 60 நாள், தூக்குத் தண்டனையானால் 30 நாள்தான். நகல் வாங்க ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். தாமதமானால் காரணம் சொல்லி மன்னிக்கக் கேட்கலாம். ஆனால் காரணம் உண்மையாக இருக்க வேண்டும்.

நான்கு: ஜெயிலில் இருப்பவர் அங்கிருந்தே அப்பீல் கொடுக்கலாம். மனுவை ஜெயில் அதிகாரியிடம் கொடுத்தால் அவர் கோர்ட்டுக்கு அனுப்பியாக வேண்டும். அதற்காக முட்டத்திலுள்ள ஜில்லா கோர்ட்டுக்குப் பஸ் ஏறி, இரண்டு நாள் கூலியைத் தொலைக்க வேண்டியதில்லை.

ஐந்து: இலவச சட்ட உதவி. 1987-ல் வந்து 1995-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், ஆதிவாசிகள், மாற்றுத் திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. வக்கீல் மட்டும் இல்லை, கோர்ட்டுக் கட்டணமும் அதில் அடக்கம். உங்கள் ரேஷன் கார்டு தேனியில் இருக்கிறதா தேவிகுளத்தில் இருக்கிறதா என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. 15100 என்ற நம்பருக்குப் போன் செய்தால் வழி சொல்வார்கள். பாதிக்கப்பட்டவரும் இதைக் கேட்கலாம். நம் வீட்டுப் பெண்ணுக்குத் தீங்கு செய்தவனைக் கோர்ட்டு விட்டுவிட்டால், அவளே அப்பீல் செய்யும் உரிமை 2009 டிசம்பர் 31 முதல் இருக்கிறது.

இவை இப்போதே கையில் உள்ளவை. இனிக் கேட்டு வாங்க வேண்டியவையும் உண்டு. கிரிமினல் அப்பீலுக்கும் ஜாமீன் மனுவுக்கும் ஏழைத் தொழிலாளியிடம் கட்டணமே வாங்கக் கூடாது. ஜெயிலுக்குள் இருப்பவருக்கு உள்ள விலக்கு வெளியே நிற்பவருக்கும் வேண்டும். இடுக்கியின் கோர்ட்டுகளில் தமிழில் மொழிபெயர்க்க நிரந்தரமாக ஆள் வேண்டும். தீர்ப்புச் சொல்லும் போதே அப்பீல் உரிமையையும் சட்ட உதவியையும் தமிழில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

நடக்குமா என்று கேட்கிறீர்களா? இங்கிலாந்தில் 2013-ல் தொழிலாளர் கோர்ட்டுக்குக் கட்டணம் போட்டார்கள். வழக்குகள் சரசரவென்று குறைந்தன. ஒரு தொழிற்சங்கம் வழக்குப் போட்டது. கீழே தோற்றது, மேலே தோற்றது, விடவில்லை. 2017 ஜூலையில் அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட்டு கட்டணம் முழுவதையும் ரத்து செய்து, வாங்கிய பணத்துக்கும் சர்க்காரைப் பதில் சொல்ல வைத்தது. தனி ஆளாக நின்றிருந்தால் முதல் தோல்வியிலேயே வீட்டுக்குப் போயிருப்பார்கள். சங்கமாக நின்றதால் கடைசிப் படி வரை ஏற முடிந்தது.

நம் தாத்தா பாட்டிமார் போடிமெட்டு ஏறி இந்த மலைக்கு வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. ஏறும் தைரியம் இருந்தது. கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்புதான் கடைசி என்று எந்தக் குடும்பமும் தலைவிதியை நொந்து உட்கார வேண்டாம். தீர்ப்புக் காகிதம் கைக்கு வந்த அன்றைக்கே சங்க ஆபீசுக்கு வாருங்கள். நாள் தவறிய பிறகு அழுதுகொண்டு வருவதைவிட, நாள் இருக்கும்போது கோபத்தோடு வருவது மேல்.